நடக்காமல் போனதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? ‘டைப் 3’ இஃப் கிளாஸ்: முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடத்தில் இஃப் கிளாஸ் (நிபந்தனை வாக்கியம்) படித்த எல்லாருக்கும், நடக்காமல் போனதைச் சொல்லும் ‘டைப் 3’ வகைக்கு ஒரு சூத்திரம் மனப்பாடம்: இந்தப் பக்கம் "ஹேட்" இருந்தால் அந்தப் பக்கம் "வுட் ஹேவ்" போடு. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் சரியாக நிரப்பிவிடுவார்கள். ஆனால் "நீ ஒரு போன் பண்ணியிருந்தால் நான் வந்திருப்பேனே" என்று ஆதங்கமாகச் சொல்ல வேண்டிய நேரத்தில், "இஃப் யூ கால் மீ, ஐ வில் கம்" என்று வாயில் வந்துவிடுகிறது. கேட்பவர் அதை நேற்றைய ஆதங்கமாக எடுத்துக்கொள்ள மாட்டார். இனிமேல் கூப்பிட்டால் வருவதாக வாக்குக் கொடுக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்.

சூத்திரம் தெரிந்தும் தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். இதை ஏதோ தமிழில் இல்லாத புதுச் சரக்கு போலச் சொல்லிக்கொடுக்கிறோம். உண்மையில் தமிழ் பேசும் ஒவ்வொருவரும் தினம் பத்து முறை இதைப் பயன்படுத்துகிறோம், அதுவும் ஏறக்குறைய அதே அமைப்பில். கஷ்டம் வேறொரு இடத்தில் இருக்கிறது. தமிழில் ஒரே வடிவம் இரண்டு வேலை செய்கிறது. ஆங்கிலம் அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு எங்கே என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் பழக்கம்தான்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாயில் வர வேண்டிய இலக்கணம் இது. ஒவ்வொன்றையும் சத்தமாகப் படியுங்கள், அப்புறம் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். "குட்" என்று வருவதெல்லாம் "கேன்" என்பதன் இறந்தகாலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## முதலில் தமிழைப் பிரித்துப் பார்ப்போம்

"நீ நேற்றே சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்."

இதைக் கேட்டதும் இரண்டு விஷயம் புரிகிறது. நீ சொல்லவில்லை. நான் வரவில்லை. "இல்லை" என்ற சொல்லே வாக்கியத்தில் கிடையாது, ஆனாலும் இரண்டு "இல்லை" உள்ளே இருக்கின்றன.

இப்போது வினைகளை உடைத்துப் பாருங்கள். சொல்லி + இருந்தால். வந்து + இருப்பேன். இரண்டு பக்கமும் "இரு" என்ற துணைவினை நிற்கிறது. முதல் பாதியில் அது "இருந்தால்", அடுத்த பாதியில் "இருப்பேன்". "இருப்பேன்" எதிர்கால வடிவம் என்பதைக் கவனியுங்கள். நேற்று நடக்காத ஒன்றைச் சொல்ல எதிர்கால வடிவத்தைப் போடுகிறோம், அது நமக்குக் கொஞ்சம்கூட உறுத்துவதில்லை.

ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. "வில்" என்பதை ஒரு படி பின்னால் தள்ளினால் "வுட்". நம் "இரு" செய்யும் வேலையை அங்கே "ஹேவ்" செய்கிறது. ஆகவே:

சொல்லி = "டோல்ட்"
இருந்தால் = "இஃப் … ஹேட்"
வந்து = "கம்"
இருப்பேன் = "வுட் ஹேவ்"

"இஃப் யூ ஹேட் டோல்ட் மீ யெஸ்டர்டே, ஐ வுட் ஹேவ் கம்."

துண்டுகள் அப்படியே பொருந்துகின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை. "பணம் இருந்தால் வாங்குவேன்" என்பதில் வரும் "இருந்தால்" துணைவினை இல்லை, அதுதான் முதன்மை வினை. அந்த வாக்கியம் இன்றைக்கோ நாளைக்கோ பற்றியது. அதையே நடந்து முடிந்ததாக்க நாம் "இரு" என்பதை இன்னொரு முறை போடுகிறோம்: "பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்." ஆங்கிலத்திலும் "ஹேட்" இரண்டு முறை வரும்: "இஃப் ஐ ஹேட் ஹேட் த மனி, ஐ வுட் ஹேவ் பாட் இட்." "ஹேட் ஹேட்" என்று அடுத்தடுத்து வருவதைப் பார்த்து அச்சுப்பிழை என்று ஒன்றை அடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். "இருந்திருந்தால்" எப்படிச் சரியோ அப்படியே அதுவும் சரி.

## படி 1: நடந்ததா, நடக்கவில்லையா, தெரியாதா?

வாயைத் திறப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. மற்ற எல்லாப் படிகளையும்விட இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

"அவர் நேற்று வந்திருந்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார்."

இதை இரண்டு சூழலில் சொல்லலாம். ஒன்று: அவர் வந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், அதனால் சொல்கிறேன். இரண்டு: அவர் வரவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். கையெழுத்து இல்லாததற்குக் காரணம் சொல்கிறேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான். குரலையும் சூழலையும் வைத்துப் பிரித்துக்கொள்கிறோம்.

ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது.

தெரியாது என்றால்: "இஃப் ஹீ கேம் யெஸ்டர்டே, ஹீ வில் ஹேவ் சைன்ட் த ரெஜிஸ்டர்."
வரவில்லை என்று தெரியும் என்றால்: "இஃப் ஹீ ஹேட் கம் யெஸ்டர்டே, ஹீ வுட் ஹேவ் சைன்ட் த ரெஜிஸ்டர்."

முதல் வாக்கியத்தில் சாதாரண இறந்தகாலம், கூடவே "வில்". கதவு திறந்திருக்கிறது, வந்திருக்கவும் கூடும். இரண்டாவதில் "ஹேட்" போட்ட உடனே கதவு மூடிவிடுகிறது. "ஹேட்… வுட் ஹேவ்" என்று சொல்வது, "இது நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம். அலுவலக மின்னஞ்சலில் இதை மாற்றிப் போட்டால் விவகாரமே மாறிப்போகும். "இஃப் யூ ஹேட் சென்ட் த ஃபைல்" என்று எழுதினால், "நீ அனுப்பவில்லை" என்று குற்றம் சாட்டுகிறீர்கள். "இஃப் யூ சென்ட் த ஃபைல்" என்றால், அனுப்பியிருந்தால் சரி, பார்த்துக்கொள்ளலாம் என்ற தொனி. சந்தேகமாக இருக்கும்போது முதலாவதை எழுதிவிடாதீர்கள்.

## படி 2: "இஃப்" பாதி

நடக்கவில்லை என்று உறுதியானதும் இந்தப் பாதிக்கு வேண்டியது இரண்டே சாமான்: "ஹேட்", அப்புறம் வினையின் மூன்றாம் வடிவம். ஐ, யூ, ஹீ, தே யாராக இருந்தாலும் "ஹேட்" மாறாது.

தவறு நடப்பது மூன்றாம் வடிவத்தில். இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருக்கும் வினைகளில் பிரச்சினை வராது: டோல்ட், கால்ட், பாட், கீப்ட், லெஃப்ட். வேறாக இருப்பவைதான் காலை வாரும். "ஹேட் வென்ட்" தவறு, "ஹேட் கான்" சரி. "ஹேட் கேம்" தவறு, "ஹேட் கம்" சரி. அதே வரிசையில் சீன், டேக்கன், ரிட்டன், நோன், ஈட்டன், ஃபர்காட்டன், ரன், டிரங்க். இந்தப் பத்துப் பன்னிரண்டை மட்டும் "இஃப் ஐ ஹேட்" என்பதோடு சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். தனியாக அட்டவணை ஒப்பிப்பதைவிட "இஃப் ஐ ஹேட் சீன்", "இஃப் ஐ ஹேட் டேக்கன்" என்று நாக்குக்குப் பழக்குவது பலன் தரும்.

இன்னொரு பெரிய தவறு: "இஃப் ஐ வுட் ஹேவ் நோன்." தமிழில் இரண்டு பக்கமும் "இரு" வருவதால் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று கை போகிறது. அமெரிக்கர்கள் பேச்சில் இதைச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் தேர்விலும் எழுத்திலும் இது தவறாகவே எடுத்துக்கொள்ளப்படும். "இஃப்" பக்கத்தில் "வுட் ஹேவ்" வைக்காதீர்கள்.

## படி 3: விளைவுப் பாதி

இங்கே "வுட் ஹேவ்" என்பதோடு மூன்றாம் வடிவம். "ஹீ", "ஷீ" வந்தாலும் "வுட் ஹேஸ்" ஆகாது. முன்னால் "ஹேட்" இருக்கிறதே என்று "வுட் ஹேட்" ஆகவும் ஆகாது. "வுட்" வந்துவிட்டால் பின்னால் "ஹேவ்" மட்டும்தான்.

"வுட்" இருக்கும் இடத்தில் "குட்" வைக்கலாம், "மைட்" வைக்கலாம். மூன்றும் ஒன்று என்று நினைத்தால் வாக்கியத்தின் உயிரே போய்விடும். 2019 ஜூலை 10, உலகக் கோப்பை அரையிறுதி, மான்செஸ்டர். நியூசிலாந்து வைத்த இலக்கு 240. தோனி 50 ரன்னில் இருக்கும்போது கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட்டு ரன் அவுட். இந்தியா 18 ரன்னில் தோற்றது. அன்றிலிருந்து இன்றுவரை டீக்கடையில் நடக்கும் விவாதம் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது:

"இஃப் தோனி ஹேடன்ட் பீன் ரன் அவுட், இந்தியா வுட் ஹேவ் வன்." கட்டாயம் ஜெயித்திருக்கும் என்று அடித்துச் சொல்பவர் இவர்.
"… இந்தியா குட் ஹேவ் வன்." ஜெயிக்கிற திறமையும் வாய்ப்பும் கையில் இருந்தது என்கிறார் இவர்.
"… இந்தியா மைட் ஹேவ் வன்." ஒருவேளை ஜெயித்திருக்கலாம், யார் கண்டது என்பவர்.

மிச்சமிருந்த பந்துகளையும் ரன்களையும் கணக்குப் போட்டுப் பார்த்தால் நேர்மையான சொல் "மைட்" என்றுதான் எனக்குப் படுகிறது. இப்படி ஒரு விஷயத்தை எடுத்து, உங்கள் நம்பிக்கையின் அளவுக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்தெடுப்பது நல்ல பயிற்சி.

கிரிக்கெட் வர்ணனையில் ஒரு விசித்திரம் கேட்டிருப்பீர்கள். கேட்ச் விட்ட மறு நிமிடம், "இஃப் ஹீ டேக்ஸ் தட் கேட்ச், த மேட்ச் இஸ் ஓவர்" என்பார்கள். நடக்காததைச் சொல்ல நிகழ்காலம்! கண்ணெதிரே ஓடும் ஆட்டத்துக்கான பேச்சு வழக்கு அது. வர்ணனைப் பெட்டிக்கு வெளியே அதைப் பின்பற்ற வேண்டாம்.

## ஒரு விசாரணை மேடையில் இந்த இலக்கணம்

1912 ஏப்ரல் 14 இரவு 11.40க்கு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. பாய்மரக் கூண்டில் நின்று கண்காணித்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் பிரெடரிக் ஃபிளீட். அவர்கள் கையில் பைனாகுலர் இல்லை. சில நாட்களில் அமெரிக்க செனட் விசாரணையில் செனட்டர் ஸ்மித் அவரைக் கேட்ட கேள்வி "சப்போஸ் யூ ஹேட் ஹேட் கிளாசஸ்" என்று தொடங்குகிறது. "கிளாசஸ்" என்றால் இங்கே பைனாகுலர். பைனாகுலர் இருந்திருந்தால் அந்தக் கறுப்பு உருவத்தை இன்னும் தொலைவிலேயே பார்த்திருக்க முடியுமா என்பது கேள்வி. ஃபிளீட் சொன்ன பதில்: "வீ குட் ஹேவ் சீன் இட் எ பிட் சூனர்." கொஞ்சம் முன்னாலேயே பார்த்திருக்க முடியும். எவ்வளவு முன்னால் என்று செனட்டர் விடாமல் கேட்டார். விலகிப் போகும் அளவுக்கு என்றார் ஃபிளீட்.

இந்த நாலு வரியில் நமக்கு வேண்டியது நிறைய இருக்கிறது. கேள்வியில் "ஹேட் ஹேட்" வந்திருக்கிறது, நம் "இருந்திருந்தால்" போலவே. "இஃப்" இருக்க வேண்டிய இடத்தில் "சப்போஸ்" வந்திருக்கிறது. ஆனாலும் பின்னால் வரும் வினை அமைப்பு மாறவில்லை. பதிலில் "இஃப்" பாதியே கிடையாது. கேள்வியிலேயே நிபந்தனை வந்துவிட்டதால் விளைவை மட்டும் சொன்னால் போதும். பேச்சில் நாமும் இப்படித்தான், "முடிந்திருக்குமா?" என்று கேட்டால் "முடிந்திருக்கும்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறோம். அப்புறம், ஃபிளீட் "வுட்" சொல்லவில்லை, "குட்" சொன்னார். பார்த்தே இருப்போம் என்று சத்தியம் செய்யாமல், பார்க்க வாய்ப்பு இருந்திருக்கும் என்கிறார். விசாரணையில் சாட்சி சொல்பவர் அளந்து பேசுகிற பேச்சு அது.

செயப்பாட்டு வினைக்கும் இந்தக் கப்பலிலேயே உதாரணம் உண்டு. உயிர்காக்கும் படகுகளில் 1,178 பேருக்கு இடம் இருந்தது. தப்பித்தவர்கள் ஏறக்குறைய 700 பேர். பல படகுகள் பாதி காலியாக இறக்கப்பட்டன. "இஃப் த போட்ஸ் ஹேட் பீன் ஃபில்ட், மோர் தேன் 400 அதர்ஸ் குட் ஹேவ் பீன் சேவ்ட்." படகுகள் நிரப்பப்பட்டிருந்தால் இன்னும் 400க்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப்பட்டிருக்க முடியும். இரண்டு பக்கமும் "பீன்" நுழைந்திருப்பதைப் பாருங்கள். தமிழில் "பட்டு" செய்யும் வேலை அது.

## படி 4: "இல்லை" எங்கே போகிறது

பொருள் தலைகீழாகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தில் "நாட்" இருந்தால், உண்மையில் அது நடந்தது. "நாட்" இல்லாவிட்டால், உண்மையில் நடக்கவில்லை.

"இஃப் ஐ ஹேடன்ட் ஓப்பன்ட் த லெட்டர், ஐ வுடன்ட் ஹேவ் நோன்." கடிதத்தைப் பிரித்தேன், தெரிந்துகொண்டேன். தமிழில் "பிரிக்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது" என்போம்.

இந்த இடத்தில் "அன்லெஸ்" போட ஆசை வரும். "இஃப் நாட்" என்றால் "அன்லெஸ்" என்று மனப்பாடம் செய்திருப்போம் இல்லையா? நடக்காத இறந்தகாலத்தைச் சொல்லும்போது அது பொருந்தாது. "இஃப் … ஹேடன்ட்" என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நீங்கள் மட்டும் இல்லை என்றால் நான் செத்திருப்பேன்" என்று நன்றியோடு சொல்வோமே, அதற்கு ஆங்கிலத்தில் தனி அமைப்பு உண்டு: "இஃப் இட் ஹேடன்ட் பீன் ஃபார் யூ, ஐ வுட் ஹேவ் டைட்." இதை அப்படியே முழுதாக மனப்பாடம் செய்வது நல்லது. எழுத்து நடையில் "பட் ஃபார் யுவர் ஹெல்ப், ஐ வுட் ஹேவ் ஃபெயில்ட்" என்று சுருக்கமாகவும் வரும்.

## படி 5: அன்றைய காரணம், இன்றைய விளைவு

எல்லா வாக்கியமும் "ஹேட்… வுட் ஹேவ்" என்று முடியாது. "அன்றைக்கே ஒழுங்காகப் படித்திருந்தால் இன்றைக்கு இந்த நிலைமை இருக்காது." படிக்காதது அன்று, நிலைமை இன்று. தமிழில் இரண்டாம் பாதியில் "இருந்திருக்காது" என்று சொல்லாமல் "இருக்காது" என்று தானாகவே மாற்றிக்கொள்கிறோம். ஆங்கிலத்திலும் அதேபோல "ஹேவ்" கழன்றுவிடும்: "இஃப் ஐ ஹேட் ஸ்டடீட் ப்ராப்பர்லி தென், ஐ வுடன்ட் பீ இன் திஸ் சிச்சுவேஷன் நவ்." "நவ்", "டுடே" போன்ற சொல் வருகிறதென்றால் பெரும்பாலும் இந்த வகைதான்.

டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக வட அட்லாண்டிக் கடலில் பனிப்பாறைகளைக் கண்காணிக்க ஒரு சர்வதேச ரோந்து அமைப்பு 1914இல் ஏற்பாடானது. இன்றும் இயங்குகிறது. ஆகவே: "இஃப் த டைட்டானிக் ஹேடன்ட் சங்க், தேர் மைட் பீ நோ ஐஸ் பட்ரோல் டுடே."

இதன் மறுபக்கமும் உண்டு: எப்போதும் உண்மையான ஒன்று காரணம், நேற்று நடந்தது விளைவு. "எனக்கு நீச்சல் தெரிந்தால் நானே குதித்திருப்பேன்." இன்றைக்கும் நீச்சல் தெரியாது. "இஃப் ஐ நியூ ஹவ் டு ஸ்விம், ஐ வுட் ஹேவ் ஜம்ப்ட் இன்." இந்த வகையைக் கேட்டால் புரிந்தால் போதும். தவறு செய்யும் இடமாக நான் இதைப் பார்த்ததில்லை.

## படி 6: "போயிருப்பார்" என்ற பொறி

படி 1இல் பார்த்த அதே சிக்கல் "இஃப்" இல்லாத வாக்கியங்களிலும் காத்திருக்கிறது. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களையும் இது விடுவதில்லை.

"அப்பா இந்நேரம் ஆபீஸ் போயிருப்பார்." இது ஊகம். போய்ச் சேர்ந்திருப்பார் என்றே நம்புகிறேன். ஆனால் "இருப்பார்" என்றதும் நமக்கு "வுட் ஹேவ்" ஞாபகம் வந்து, "ஹீ வுட் ஹேவ் ரீச்ட் த ஆஃபிஸ் பை நவ்" என்கிறோம். நம் ஊர் ஆங்கிலத்தில் இது எல்லாருக்கும் புரியும். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளரிடம் "த பார்சல் வுட் ஹேவ் ரீச்ட் யூ" என்று சொன்னால், "சேர்ந்திருக்கும், ஆனால் சேரவில்லை, ஏதோ தடை" என்று அவர் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. அடுத்து என்ன ஆனது என்று காத்திருப்பார்.

ஆங்கிலேயர்களும் சில இடங்களில் ஊகத்துக்கு "வுட் ஹேவ்" சொல்வதுண்டு. ஆனாலும் குழப்பம் இல்லாத வழி இது. ஆதாரத்தை வைத்து உறுதியாக ஊகித்தால் "மஸ்ட் ஹேவ்": செருப்பு வாசலில் இல்லை, "ஹீ மஸ்ட் ஹேவ் கான்." கணக்குப்படி இந்நேரம் சேர்ந்திருக்க வேண்டும் என்றால் "ஷுட் ஹேவ்": "த பார்சல் ஷுட் ஹேவ் ரீச்ட் யூ பை நவ்." நடக்கவே இல்லை என்றால் மட்டும் "வுட் ஹேவ்".

"இருக்கலாம்" இன்னும் பல வேலை செய்யும். அதற்கு ஒரே ஆங்கிலச் சொல்லைத் தேடாமல், என்ன மனநிலையில் சொல்கிறோம் என்று பாருங்கள்:

"அவன் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கலாம்." தெரியாது, ஊகம். "ஹீ மைட் ஹேவ் மிஸ்ட் த பஸ்."
"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." மனத்தாங்கல். "யூ குட் ஹேவ் டோல்ட் மீ."
"நாம் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கலாம்." வருத்தம். "வீ ஷுட் ஹேவ் லெஃப்ட் எ பிட் எர்லியர்."

"இருக்க வேண்டும்" என்பதும் இப்படியே. "நீ என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றால் "ஷுட் ஹேவ்". "அவள்தான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்று சந்தேகப்பட்டால் "மஸ்ட் ஹேவ்".

"மே ஹேவ்" பற்றி ஒரு வார்த்தை. விபத்தில் தப்பித்தவரைப் பற்றி "ஷீ மே ஹேவ் டைட்" என்று சொல்லிவிடாதீர்கள். இறந்துபோனாளோ என்னவோ, எனக்குத் தெரியாது என்று பொருள்படும். "நல்லவேளை, செத்திருப்பாள்" என்ற பொருளுக்கு "ஷீ மைட் ஹேவ் டைட்" அல்லது "ஷீ குட் ஹேவ் டைட்". கேட்பவர் உறவினராக இருந்தால் இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் பதறிப்போவார்.

## "இஃப்" இல்லாமலும் சொல்லலாம்

"இஃப்" என்பதைத் தூக்கிவிட்டு "ஹேட்" என்பதை முன்னால் கொண்டுவரலாம்: "ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்." கடிதம், கட்டுரை, மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும், நண்பனிடம் பேசும்போது கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். எதிர்மறையில் "நாட்" தனியாக நிற்கும்: "ஹேட் ஐ நாட் சீன் இட்". "ஹேடன்ட் ஐ சீன் இட்" என்று எழுதக் கூடாது.

ஏக்கத்துக்கு "ஐ விஷ்": "ஐ விஷ் ஐ ஹேட் லிசன்ட் டு மை மதர்." அம்மா பேச்சைக் கேட்டிருக்கலாமே. இங்கேயும் "ஐ விஷ் ஐ வுட் ஹேவ்" வேண்டாம். இன்னும் அழுத்தமாக வேண்டுமென்றால் "இஃப் ஒன்லி ஐ ஹேட் லிசன்ட்!" இதற்கு விளைவுப் பாதி தேவையே இல்லை.

"போன் கையில் இல்லை, இல்லாவிட்டால் கூப்பிட்டிருப்பேன்" என்பதற்கு: "ஐ டிடன்ட் ஹேவ் மை போன், அதர்வைஸ் ஐ வுட் ஹேவ் கால்ட் யூ." பேச்சில் இது மிகவும் சுலபம். முதல் பாதியில் உண்மையில் நடந்ததைச் சாதாரண இறந்தகாலத்தில் சொல்லிவிடலாம், "ஹேட்" பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தயக்கம் உள்ளவர்கள் இதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்வேன்.

## காதில் விழும்போது

படங்களிலும் போனிலும் யாரும் "ஹேட்", "வுட் ஹேவ்" என்று முழுதாகச் சொல்வதில்லை. "ஐ ஹேட்" என்பதும் "ஐட்" ஆகும், "ஐ வுட்" என்பதும் "ஐட்" ஆகும். பிரித்தறிய அடுத்த சொல்லைப் பாருங்கள். பின்னால் மூன்றாம் வடிவம் வந்தால் அது "ஹேட்": "ஐட் நோன்". பின்னால் முதல் வடிவமோ "ஹேவ்" என்பதோ வந்தால் அது "வுட்": "ஐட் ஹேவ் கம்". ஆக, "இஃப் ஐட் நோன், ஐட் அவ் கம்" என்று படபடவென வருவதில் முதல் "ஐட்" வேறு, இரண்டாவது வேறு.

"வுட் ஹேவ்" வேகத்தில் "வுடவ்" என்று ஒலிப்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே "வுட் ஆஃப்" என்று எழுதிவிடுவதுண்டு. இணையத்தில் அதைப் பார்த்துப் பழகிவிடாதீர்கள்.

எழுதும்போது கமாவுக்கு ஒரே விதி: "இஃப்" பாதி முன்னால் வந்தால் நடுவில் கமா, விளைவு முன்னால் வந்தால் கமா வேண்டாம்.

## எழுதிப் பாருங்கள்

விடையைப் பார்ப்பதற்கு முன், ஒவ்வொன்றுக்கும் படி 1இன் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. நான் அலாரம் வைத்திருந்தால் ரயிலைப் பிடித்திருப்பேன்.
2. மழை பெய்யாமல் இருந்திருந்தால் மேட்ச் நடந்திருக்கும்.
3. அவர் அந்த நிலத்தை விற்காமல் இருந்திருந்தால் இன்றைக்குப் பணக்காரர்.
4. பார்சல் நேற்றே வந்திருக்கும், வாட்ச்மேனைக் கேள்.
5. நீங்கள் வருவது தெரிந்திருந்தால் சமைத்து வைத்திருப்பேன்.
6. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.
7. கடை மூடியிருந்தால் அவன் திரும்பி வந்திருப்பான்.

முதலாவது நேரடியானது: "இஃப் ஐ ஹேட் செட் தி அலாரம், ஐ வுட் ஹேவ் காட் த டிரெயின்." இரண்டாவதில் மழை பெய்தது, அதனால் "நாட்", ஆட்டம் ஆடப்படும் என்பதால் விளைவில் "பீன்": "இஃப் இட் ஹேடன்ட் ரெயின்ட், த மேட்ச் வுட் ஹேவ் பீன் ப்ளேட்." மூன்றாவதில் "இன்றைக்கு" இருக்கிறது, ஆகவே "ஹேவ்" கழன்றது: "இஃப் ஹீ ஹேடன்ட் சோல்ட் த லேண்ட், ஹீ வுட் பீ ரிச் டுடே." நான்காவது ஊகம்: "த பார்சல் மஸ்ட் ஹேவ் கம் யெஸ்டர்டே; ஆஸ்க் த வாட்ச்மேன்."

ஐந்தாவதில் ஒரு கண்ணி. "இஃப் ஐ ஹேட் நோன் யூ வேர் கமிங், ஐ வுட் ஹேவ் குக்ட்." "தெரிந்திருந்தால்" மட்டும்தான் நடக்காதது. "வருவது" உண்மையில் நடந்தது, வந்து நிற்கிறார். அதனால் அதற்கு "ஹேட்" வேண்டாம், "வேர் கமிங்" போதும். ஆறாவது: "ஐ ஷுடன்ட் ஹேவ் ஸ்போக்கன் லைக் தட்."

ஏழாவதுக்கு இரண்டு விடை. கடைக்குப் போனவன் வந்துவிட்டானா என்று தெரியாமல், அவன் அறைப்பக்கம் எட்டிப் பார்க்கச் சொல்கிறீர்கள் என்றால்: "இஃப் த ஷாப் வாஸ் க்ளோஸ்ட், ஹீ வில் ஹேவ் கம் பேக்." அவன் இன்னும் வரவில்லை, அதனால் கடை திறந்துதான் இருக்கிறது என்று முடிவுக்கு வருகிறீர்கள் என்றால்: "இஃப் த ஷாப் ஹேட் பீன் க்ளோஸ்ட், ஹீ வுட் ஹேவ் கம் பேக்."